தனுஷ்கோடி 1964: எச்சரிக்கை யாருக்காக இருந்தது?

வங்கக் கடலில் புயல் உருவாகியிருப்பதாக வானொலி அறிவித்தால் மாரிகுப்பத்தில் யாரும் அஞ்சுவதில்லை. அது எங்களுக்கு நல்ல செய்தி. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு என்று ஒன்றுகூட இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரைக் கடந்து எங்களிடம் வரும்போது அதன் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் காற்று மட்டுமே. ஆடி மாதத்தில் அந்தக் காற்று சயனைடு மேடுகளின் சாம்பல்நிறத் தூளை வாரிக்கொண்டு வந்து வரிசை வீடுகளின் சோற்றுப் பானைவரை சேர்த்துவிடும். அந்தத் தூள் அடங்க வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே ஏதாவதொரு புயல் கரையேற வேண்டும். 2022 டிசம்பர் 9 அன்று மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோதும் அதுதான் நடந்தது. சென்னையில் மரங்கள் சாய்ந்தன. எங்கள் ஊரில் குளிரும் தூறலுமாக நாள்கள் கழிந்தன. குழந்தைகளுக்கு அது விடுமுறை.

இதை ஒரு குற்ற ஒப்புதலாக எழுதவில்லை. புயல் என்ற ஒரே சொல் மேட்டுநிலத்தில் ஒரு பொருளையும் தீவில் வேறொரு பொருளையும் கொண்டிருப்பதை ஆய்வுக்கு வந்த பின்னர்தான் உணர்ந்தேன். தெற்கு இரயில்வேயின் பழைய கால அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அது தொடங்கியது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, தங்கவயலுக்குப் பிரியும் கிளைப்பாதை மாரிகுப்பத்தில் முடிகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. கடைசி நிலையத்தில் வளர்ந்தவனுக்குப் பிற பாதைகளின் கடைசி நிலையங்கள் மீது ஓர் ஈர்ப்பு இருக்கும்போலும். அப்படித்தான் தனுஷ்கோடி என்ற பெயரில் கண் நின்றது. 1964க்குப் பின்னர் வந்த அட்டவணைகளில் அந்தப் பெயர் இல்லை.

தனுஷ்கோடியில் நடந்தது என்ன என்பதைப் பலரும் அறிவர். எனினும் அதன் வானிலைப் பின்னணியைச் சற்று நின்று பார்ப்பது தேவை. 1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து பாகையில், ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே புவிச்சுழற்சியின் திருப்புவிசை மிகக் குறைவு. காற்று சுழலாகத் திரள்வதற்கு அந்த விசை தேவை என்பதால் இவ்விடத்தில் புயல் பிறப்பது அரிது. டிசம்பர் 19க்குள் அது கடும்புயலாக வலுப்பெற்றது. 21க்குப் பின் ஏறக்குறைய நேர்க்கோட்டில் மேற்கு நோக்கி, நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. 22 அன்று இலங்கையின் வடபகுதியை வவுனியா வழியாகக் கடந்து, அன்றிரவே இராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையை அடைந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. கடல் ஏழு மீட்டர் அளவுக்கு எழுந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன.

ஏழு மீட்டர் என்பது அந்த நிலத்துக்கு என்ன பொருள் தரும்? தனுஷ்கோடி மலையுமன்று, மேடுமன்று. இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் ஒரு மணல்நாக்கு. வடக்கே பாக் நீரிணைப் பகுதியின் ஆழமற்ற, பெரும்பாலும் அமைதியான நீர். தெற்கே மன்னார் வளைகுடாவின் அலைமிகுந்த நீர். அங்குள்ள மீனவர் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அழைப்பர். வாடை வீசும் மாதங்களில் ஒரு கடலிலும், சோழகமும் கச்சானும் வீசும் மாதங்களில் மறு கடலிலும் தொழில் பார்ப்பது அவர்களுடைய முறை. ஒரு கடல் சீறும்போது மற்றது அடைக்கலம் தரும் என்பதே அந்த வாழ்க்கையின் அடிப்படைக் கணக்கு. புயலின் மையம் தலைக்கு மேலாகக் கடக்கும்போது இந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது. மையம் கடக்கும் முன் ஒரு திசையிலிருந்தும், கடந்த பின் எதிர்த்திசையிலிருந்தும் காற்று அடிக்கும். ஆகவே இரு கடல்களும் முறைவைத்து ஏற வாய்ப்புண்டு. ஆழமற்ற கடலில் தள்ளப்படும் நீருக்குக் கீழே இறங்க வழியில்லை. அது மேலேதான் எழ வேண்டும். பெண்கடல் என்று நம்பப்பட்டதும் இவ்வகையில் ஆபத்தானதே.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். இக்கட்டுரையின் கேள்வி அதுவே.

இந்தியாவில் புயல் எச்சரிக்கையின் வரலாறு 1864இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயல் துறைமுகத்தில் நின்ற கப்பல்களைக் கரையில் ஏற்றி நொறுக்கியது. மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்கென்று எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை உருவானது. 1886க்குள் எச்சரிக்கை எல்லாத் துறைமுகங்களுக்கும் விரிவடைந்தது. 1898இல் ஒரே சீரான குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் நாளிதழ்களில் நாம் படிக்கிறோமே, “பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது” என்று, அந்தக் கூண்டு இம்முறையின் வழிவந்தது. பகலில் கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பும் உருளையுமான கூண்டுகள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள்.

இந்த எண்களின் அமைப்பைக் கவனமாகப் படித்தால் அது யாருக்காக வகுக்கப்பட்டது என்பது ஐயமின்றித் தெரியும். முதல் இரண்டும் தொலைவில் கடலில் உள்ள புயலைப் பற்றியவை. துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலுக்கு அவை தேவை. ஐந்து முதல் பத்து வரையுள்ள எண்கள் புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், நேர்மேலாகக் கடக்குமா என்பதைக்கூடப் பிரித்துச் சொல்கின்றன. நங்கூரத்தில் நிற்கும் கப்பலின் தலைவருக்கு இது உயிர்காக்கும் தகவல். காற்று எந்தத் திசைக்குத் திரும்பும் என்பதை அவர் இதைக்கொண்டு கணிப்பார், கடலுக்குள் விலகுவதா, நங்கூரத்தை இறுக்குவதா என்று முடிவெடுப்பார். கூரைவேய்ந்த குடிசையில் இருப்பவருக்கு இடமும் வலமும் ஒன்றுதான். எங்கே போக வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும், யார் அழைத்துச் செல்வார் என்ற அவருடைய கேள்விகளுக்கு இந்தப் பதினொரு எண்களில் ஒன்றுகூட விடை சொல்வதில்லை. வானிலை அறிவியல் பிழைசெய்தது என்று நான் வாதிடவில்லை. அந்த அறிவியலின் கடிதங்களில் பெறுநர் முகவரியாகக் கப்பலே எழுதப்பட்டிருந்தது என்றுதான் சொல்கிறேன். கப்பல்களுக்கும் சரக்குகளுக்கும் காப்பீடு இருந்தது. இழப்பைக் கணக்கிட்டுக் கேட்பதற்கு வணிகர் சங்கங்கள் இருந்தன. மணல்நாக்கில் வாழ்ந்தவர்களுக்காகக் கேட்பதற்கு எவரும் இல்லை.

பதினொன்றாம் எண்ணைத் தனியே குறிப்பிட வேண்டும். புயல் எச்சரிக்கை நிலையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். அதாவது, ‘இனி எங்களிடம் சொல்வதற்குத் தகவல் இல்லை’ என்பதற்கும் ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். முதன்முறை இதைப் படித்தபோது அந்த வரியை விட்டு நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

1964 டிசம்பர் 22 இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653 எண் பயணிகள் வண்டி புறப்பட்டது. பதிவுகளின்படி 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியர்களும் அதில் இருந்தனர். தனுஷ்கோடியை நெருங்குகையில் கைகாட்டி செயலிழந்திருந்தது. சற்றுக் காத்திருந்த ஓட்டுநர் ஊதலை நீள ஒலித்துவிட்டு வண்டியை முன்னே செலுத்தினார் என்று சொல்லப்படுகிறது. நிலையத்துக்குச் சிறிது தொலைவில் கடல் வண்டியை மூடியது. எவரும் பிழைக்கவில்லை. புயல் அன்று பகலிலேயே இலங்கையின் மீது இருந்தது. அந்தத் தகவல் எங்கெங்கு சென்று சேர்ந்திருந்தாலும், அந்த வண்டியை அனுப்பும் மேசையில் அது செயலாக மாறவில்லை. இதற்கு இரகசியக் கோப்பு எதுவும் தேவையில்லை, 11.55க்கு வண்டி புறப்பட்டது என்பதே சான்று.

வண்டி மூழ்கிய செய்தி வெளியுலகுக்கு உடனே வரவில்லை. மண்டபத்திலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் தந்த தகவலைக்கொண்டு இரயில்வே அறிக்கை வெளியிட ஏறத்தாழ 48 மணி நேரம் ஆயிற்று. இதற்கு ஒரு நிலவியல் காரணமும் உண்டு. அந்நாளில் தீவுக்குச் சாலைப்பாலம் கிடையாது; அது 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் ஒன்றே தரைவழி. புயலில் அதன் கர்டர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டவை கடலில் விழுந்தன. கப்பல்களுக்காகத் திறந்துமூடும் நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றது.

பின்னர் எண்ணிக்கை வருகிறது. இறந்தோர் ஏறத்தாழ 1800 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. வண்டியில் இறந்தவர்கள் 115 என்று ஒற்றை இலக்கம் வரை துல்லியம்; ஊரில் இறந்தவர்கள் நூறுகளில் முழுமையாக்கப்பட்ட ஓர் எண். முதல் கணக்கு பயணச்சீட்டிலிருந்தும் ஊழியர் பதிவேட்டிலிருந்தும் வந்தது. அதிலும் சீட்டில்லாமல் ஏறியவர்கள் விடுபட்டுப்போனார்கள். வண்டியில் இறந்தவர் 200க்கு அருகில் இருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. எழுதப்பட்ட தாளில் பெயர் இருந்தவர் எண்ணப்பட்டார். இது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதன்று. சுரங்கத்துக்குள் பாறை வெடித்து மடிந்தவர் விபத்துப் பதிவேட்டில் இடம்பெறுவார். அதே சுரங்கத்தின் தூசியை நுரையீரலில் சுமந்து, ஓய்வுபெற்று, வீட்டுத் திண்ணையில் இருமி மடிந்தவர் எந்தப் பேரேட்டிலும் வராமல் போவார். இரண்டு இடங்களையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் எண்ணும் முறையில் உள்ள இந்த ஒற்றுமை தற்செயலானது என்று தோன்றவில்லை.

புயலுக்குப் பிந்தைய வரலாறு இரு கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று பாலத்தின் வரலாறு. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் சீரமைப்புப் பணி ஒப்படைக்கப்பட்டது. விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து மீட்டெடுத்து 46 நாள்களில் பாலத்தை அவர் மீண்டும் இயங்கச் செய்தார். அந்தச் சாதனையின் பெருமையை நான் குறைக்க விரும்பவில்லை. மற்றது ஊரின் வரலாறு. அது ஒரே வாக்கியத்தில் முடிந்தது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை மாநில அரசு அறிவித்தது. பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான பாதை மீண்டும் போடப்படவில்லை. நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், தேவாலயம் ஆகியவை இருந்த இடங்களில் சுவர்கள் மட்டும் எஞ்சின. பொதுநினைவும் இதே வழியில்தான் சென்றது. அன்று இராமேஸ்வரம் வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பிய கதை, மூழ்கிய வண்டியின் கதை, 46 நாள் கதை ஆகியவை ஆண்டுதோறும் சொல்லப்படுகின்றன. அந்த மணலில் குடிசை வைத்திருந்த குடும்பங்களின் கதை அவற்றின் ஓரத்தில் ஒரு எண்ணாக நிற்கிறது.

இந்தப் புயலின் காலத்தையும் நாம் கவனிக்கத் தவறுகிறோம். அதற்கு இரண்டு மாதங்களுக்குள்தான், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத்தில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் அது முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்று ஒத்திவைத்தது. அவர்களுடைய முன்னோர் பலர் போன வழி மண்டபம் முகாமும் தனுஷ்கோடித் துறையும். 1914 முதல் எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, மறுபடி இரயிலேறிக் கொழும்பை அடையலாம். ‘போட் மெயில்’ என்ற பெயர் அதனால் வந்தது. வடாற்காடு, சேலம் போன்ற மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து ஒரு கூட்டம் தங்கவயலுக்கு மேற்கே ஏறியது. தமிழகத்தின் அதே போன்ற ஊர்களிலிருந்து வேறு கூட்டங்கள் இந்தத் துறை வழியாகத் தோட்டங்களுக்குச் சென்றன. ஒப்பந்தப்படி திரும்பிவர வேண்டியிருந்தபோது போன துறை இல்லை. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விடப்பட்டு, ‘தாயகம் திரும்பியோர்’ அதில்தான் வந்து இறங்கி மண்டபம் முகாமில் காத்திருந்தனர். ஒப்பந்தம் எழுதியவர்கள் எதிர்பார்த்த தனுஷ்கோடி, அது நடைமுறைக்கு வருமுன்னரே கடலில் கரைந்துபோயிருந்தது. இந்திய ஆய்வாளர் இந்தப் புயலை இராமேஸ்வரத்தில் நிறுத்திவிடுகிறார், இலங்கை ஆய்வாளர் மன்னாரில் நிறுத்திவிடுகிறார். அதனால்தான் புயலும் ஒப்பந்தமும் ஒரே பக்கத்தில் எழுதப்படுவதில்லை என்பது என் கணிப்பு.

எச்சரிக்கையின் பெறுநர் மாறியது எப்போது? 1964 அதை மாற்றவில்லை. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமையில் பல்லாயிரவர் மடிந்த பின்னரே கரைவாழ் மக்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாக உள்ளூர் மொழியில் குரலாகவே எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் கருவிகள், முதலில் வட தமிழ்நாட்டிலும் தென் ஆந்திரத்திலும், கடற்கரையோர ஊர்களில் வைக்கப்பட்டன. 1999 ஒடிசாப் பெரும்புயலுக்குப் பின் நான்கு கட்ட எச்சரிக்கை முறை வந்தது. கல்கத்தாவில் கப்பலுக்குச் சொல்லத் தொடங்கியதிலிருந்து குடிசைக்குச் சொல்லத் தொடங்குவது வரை ஏறக்குறைய 120 ஆண்டுகள்.

இந்த மாற்றத்தின் பயன் 2020இல் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, இலங்கையைக் கடந்து, மறுநாள் பாம்பன் அருகே மன்னார் வளைகுடாவை அடைந்தது. 1964இன் பாதையை ஏறத்தாழ ஒத்த பாதை, அதே மாதம். புரெவி வலுவிழந்து அங்கேயே நின்றுவிட்டது என்பது நமது நல்லூழ். ஆனால் அது வருமுன்னரே தனுஷ்கோடிக் குடும்பங்கள் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தது நல்லூழன்று, அது ஏற்பாடு. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2017 நவம்பர் இறுதியில், ஒக்கி கன்னியாகுமரிக்குத் தெற்கே மிக விரைவாக வலுப்பெற்று இலட்சத்தீவை நோக்கிச் சென்றபோது, பல நாள் தங்கல் மீன்பிடிப்புக்கு ஆழ்கடல் சென்றிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வழியே இருக்கவில்லை. கரைக்குச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்த அமைப்புக்கு, கடலில் இருக்கும் சிறுபடகுக்கு எப்படிச் சொல்வது என்பது அப்போது தெரியவில்லை. கப்பலிலிருந்து தொடங்கிய எச்சரிக்கை மறுபடியும் கடலிலேயே தோற்றது விந்தை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தனுஷ்கோடியைப் பற்றி எழுதும்போது ‘பேய் நகரம்’ என்ற தொடரைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். இந்தச் சொல்லின் வலியை அனுபவத்தில் அறிந்தவன் என்பதால் கேட்கிறேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின் எங்கள் ஊரையும் இதழாளர்கள் இதே பெயரால் எழுதினர். துருப்பிடித்த தண்டுவாய்க் கோபுரத்தைப் படமெடுத்துப் போடுவார்கள். 2011 கணக்கெடுப்பில் அந்நகரில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர். விடியுமுன் மாரிகுப்பத்தில் நிற்கும் வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போக இடம்பிடிப்போரை அந்தப் படங்களில் காண முடியாது. ‘வாழத் தகுதியற்றது’ என்ற அரசாணைச் சொல் தனுஷ்கோடியில் செய்ததும் இதுவே. மீனவர்கள் அங்கே திரும்பி வந்தார்கள். கடல் அவர்களுக்கு அங்கேதான் இருந்தது. ஆனால் எவரும் வாழாத இடம் என்று தாளில் எழுதப்பட்ட இடத்துக்கு மின்கம்பி இழுப்பது எப்படி? பல பத்தாண்டுகள் அவர்கள் விளக்கில்லாமல் வாழ்ந்தனர். மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்தனர்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இன்று இடிந்த தேவாலயத்தின் முன் படமெடுத்துக்கொள்ள நாள்தோறும் ஊர்திகள் வருகின்றன. அந்தச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் பனையோலைக் குடிசைகளின் முன் வலை உலர்கிறது; சங்கும் சிப்பியும் பரப்பிப் பெண்கள் கடை வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு அங்கே ஒரு மூதாட்டியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே, “பாம்பனில் கூண்டு ஏற்றினால் உங்களுக்குத் தெரியுமா பாட்டி?” என்று கேட்டேன். “இங்கயிருந்து கூண்டு எங்கய்யா தெரியுது? பேரன் போன்ல வருது” என்றார். பிறகு, நான் எந்த ஊர் என்று கேட்டார். கோலார் பக்கம் என்றேன். “அங்க மழையா?” என்றார்.